பத்து எண்ணுற வரைக்கும்

— காலி! உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வெறும் காத்த அடிக்கிறா உன் அண்ணி என் வாயில. நீயே பாரு தங்கச்சி, நீயே பாரு.

— இரு அண்ணா, பதறாத. இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்கியிருக்கேன். "கொல்லப் பாக்குறா, உடனே வா"ன்னு போன்ல நீ அழுத அழுகையில, அடுப்பக்கூட அணைச்சேனான்னு ஞாபகமில்லாம ஓடி வந்திருக்கேன். அண்ணி, தப்பா நினைக்காதீங்க. தெரியாமத்தான் கேக்குறேன், அந்த இன்ஹேலரக் கொஞ்சம் குடுங்க.

— இந்தாம்மா. நல்லாக் குலுக்கிப் பாரு.

— கனமாத்தான் இருக்கு. உள்ள சளசளங்குது. ஒருவாட்டி அமுக்கிப் பாக்கட்டுமா? அட, புஸ்ஸுன்னு வருதே!

— ஏமாத்து வேலை! முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் செக்கரா இருந்தவன் நான். ஏமாத்துற மூஞ்சி எனக்குத் தெரியாதா? அந்த நீல இன்ஹேலர அடிச்சா... உடனே நெஞ்சு திறக்குது. இந்த பிரவுன அடிச்சா ஒண்ணுமே தெரியல. அப்ப என்ன அர்த்தம்?

— இது உடனே தெரியாதுங்க. நீலம் அந்த நேரத்துக்கு மூச்சுக் குழாயத் திறந்து விடும், அவ்வளவுதான். இது ஸ்டீராய்டு. உள்ள இருக்குற வீக்கத்த மெதுவா வத்த வைக்கும். நல்லா இருந்தாலும் இல்லன்னாலும் தினமும் விடாம இழுக்கணும். டாக்டர் உங்க முன்னாடிதான சொன்னாரு?

— ஸ்டீராய்டா? ஐயோ அண்ணி, மூஞ்சி ஊதிடும், எலும்பு உளுத்துடும்பாங்களே?

— மாத்திரையா ரொம்ப நாள் முழுங்கினா அந்தப் பயம் ஜாஸ்திம்மா. இது நேரா நெஞ்சுக்குப் போற துளி மருந்து. இழுத்ததும் வாயக் கொப்பளிச்சுத் துப்பிடணும், இல்லன்னா வாய் புண்ணாயிடும். அதுக்குத்தான் டம்ளரும் கிண்ணமும் தலைமாட்டுலயே வெச்சிருக்கேன்.

— கேட்டுக்கோ அண்ணா. விரிப்பப் பாரு, இப்பத் துவைச்சது மாதிரி இருக்கு. உன் நகத்தக்கூட வெட்டி விட்டிருக்காங்க. எனக்குத் தலைவலின்னா என் வீட்டுக்காரர் தைலத்தத் தூக்கிப் போடுவாரு. அதுவும் பாதி நாள் குறி தப்பும்.

— என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா. ஒரு மூலையில கிடக்குறேன்.

— நாலாவது மாடி வீடு. கக்கூஸ் வரைக்கும் நடக்கவே உனக்கு இளைக்குது, அவ்வளவு படி ஏறுவியா? வாய் கூசாம இவங்களப் போயி கொலகாரிங்கிறியே. பெத்த ஒரே பொண்ண இதே மூச்சிழுப்புக்குப் பறி குடுத்தவங்க. அந்த வேதனைய மனசுல வெச்சுக்கிட்டு உன்னத் தாங்குறாங்க.

— ஏன் தாங்குறான்னு கேளு. மொதல்ல அதக் கேளு அவகிட்ட.

— இதெல்லாம் ஒரு கேள்வியா? டாக்டர் என்ன சொல்றாரு அண்ணி?

— போன தடவை குழாயில ஊதச் சொல்லிப் பாத்தாங்கம்மா. சிகரெட்டால கெட்டது கெட்டதுதானாம். ஆனா இதே மாதிரி கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்டா இன்னும் பல வருஷம் ஓட்டலாம்னாரு.

— நீங்க மகராசி அண்ணி. அண்ணா, ஒழுங்கா மருந்த இழு, இவங்க மேல பழி போடாத. நான் கிளம்புறேன், நாலு மணி பஸ்ஸ விட்டா நிக்க இடம் இருக்காது.

— போகாதம்மா... ஏய்... தங்கச்சி...

— படியப் பாத்து இறங்கும்மா. கதவ நான் சாத்திக்கிறேன்.

— போயிட்டா. இப்ப சந்தோஷமா உனக்கு?

— பேசாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க. நிதானமா முழு மூச்சையும் வெளிய விடுங்க. ம், வாயத் திறங்க. இழுங்க. பிடிச்சு வைங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு... கண்ண உருட்டாதீங்க, பத்து எண்ணுற வரைக்கும் விடக் கூடாது... ஒம்பது... பத்து. ம், விடுங்க. கொப்பளிங்க.

— நிஜமாவே... இதுல மருந்து இருக்கா?

— இருக்குங்க. நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க.

— அப்ப நீ என்னைக் கொல்லப் பாக்கல.

— சே சே.

— அப்போ என்னை... மன்னிச்சுட்டியாடி?

— மொதல்ல துப்புங்க. சட்டையில வழியுது.

— கேக்குறேன்ல!

— பாப்பாவுக்கும் இதே பிரவுன்தான் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா?

— அத ஏன் இப்ப கிளறுற...

— "அடிச்சா ஒண்ணுமே ஆகல, டாக்டர் ஏமாத்துறான்"னீங்க. ஸ்டீராய்டுன்னதும், மூஞ்சி ஊதிட்டா எவன் கட்டுவான்னு குப்பையில போட்டீங்க. நான் பொறுக்கிட்டு வந்து கழுவி வெச்சேன். செருப்புக் காலால மிதிச்சு நசுக்கினீங்க.

— எனக்கு என்னடி தெரியும்? நீலம்தான் இருக்கேன்னு நினைச்சேன்.

— பொண்ணு பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற அன்னைக்கு, இதே கட்டில்ல உக்காந்து நீலத்த அமுக்கி அமுக்கிப் பாத்தா என் புள்ள. நெஞ்சு திறக்கவே இல்ல. நீங்க அந்த நாற்காலியில சிகரெட்ட ஊதிக்கிட்டே, "டிக்கெட் எடுக்காதவன் மயக்கம் போட்டு விழுவானே, அந்த நடிப்பு"ன்னீங்க. வெளிய வந்து தாழ்ப்பாளும் போட்டீங்க. நான் உங்க காலப் புடிச்சேன். "தானா வழிக்கு வருவா"ன்னீங்க. கொஞ்ச நேரத்துல சத்தமே இல்ல. "பாத்தியா, சொன்னேன்ல"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சீங்க.

— போதும்... அதான் அனுபவிக்கிறேனேடி. ஒவ்வொரு மூச்சுக்கும் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். இனிமே அந்த மருந்து வேணாம். விட்டுடு, நான் போயிடறேன்.

— வேணாம்னு சொல்ற வாய்தாங்க, மூச்சு முட்டினதும் தானாத் திறக்குது. நேத்தும் திறந்துச்சு. நாளைக்கும் திறக்கும்.

— தினமும் கனவுல வர்றாடி பாப்பா. அன்னைக்குப் போட்டிருந்த மஞ்சச் சட்டையில நிக்கிறா, வாய் தொறந்து ஒண்ணும் பேச மாட்டேங்கிறா. அவகிட்ட போயி, பக்கத்துல உக்காந்து, ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுடறேன். அதுக்காவது என்னை விடுடி.

— அதுக்குத்தாங்க விட மாட்டேங்கிறேன்.

— எதுக்கு?

— செத்தா நீங்க அவ இருக்குற இடத்துக்குத்தான போவீங்க? என் கையில தெம்பு இருக்குற வரைக்கும் உங்கள அனுப்ப மாட்டேன். அங்கயாவது என் புள்ள நிம்மதியா மூச்சு விடட்டும்.