கார்ப்பெட் கடை மூங்கில்

லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசை. எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி நின்றிருந்தார்கள்.

"முன்னாடி படி இருக்கு, கையப் பிடிச்சுக்கோ," என்றார் கணவர்.

"கல்யாணமான புதுசுல என்னை மலையிலேருந்து தள்ளிவிட்டவர் சொல்றார்!"

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

"தள்ளலைடி. கிளைடர்ல ஃப்ளை பண்ணச் சொன்னேன்."

"கார்ப்பெட் கடையில கார்ப்பெட் சுத்தி வர்ற மூங்கில்ல பாலித்தீன் ஷீட்டை டேப் போட்டு ஒட்டினீங்க. அதுக்குப் பேரு கிளைடரா?"

"என் வெயிட்டை அது தூக்கலை. நீதான் ஒல்லியா இருந்தே."

"நான் விழுந்ததும் ஓடி வந்து, முதல்ல மூங்கிலைத்தானே தடவிப் பார்த்தீங்க?"



"உன்னைப் பார்க்கப் பயமா இருந்துது."

வரிசை நகர்ந்தது. அந்த அம்மா படிக்கு முன்னால் நின்றார்.

"சரி, கையக் குடுங்க."