சரியான விலாசம்

அன்னைக்கு வீட்டுல இருந்தது ஆறு பேரும்மா. மகன், மருமக, என் பொண்ணு, அவ வீட்டுக்காரர், பாடின பேத்தி, அப்புறம் ஓரமா நான். பேத்திக்குப் பன்னெண்டு வயசு. கடைசி வரில குரல் உடைஞ்சு போச்சு. அவளே சிரிச்சுட்டா, நாங்களும் சிரிச்சோம். என் பொண்ணு அதைப் போன்ல பிடிச்சு, ஆசையா நெட்டுல போட்டுவிட்டா.

இல்லல்ல, போன் கண்ணாடி மாத்த உங்க கடைக்கு வரல. அந்த வீடியோவுக்குக் கீழ நான் எழுதினதை அழிக்கணும். பதினொண்ணு இருக்கு, எண்ணிட்டுத்தான் வந்தேன். எப்படின்னு தெரியல. வீட்டுல கேக்கவும் முடியாது.

பொண்ணு போட்டதை அவ அப்பவே எடுத்துட்டா. ஆனா எவனோ, குரல் உடையற இடத்தை மட்டும் வெட்டி, தவளைன்னு பேர் வெச்சு தன் பக்கத்துல போட்டிருக்கான். இப்ப நீங்க திறந்தீங்களே, அதேதான். கீழ பாருங்க, ஒரு குழந்தையைப் பேசற பேச்சா அது? நான் ஒவ்வொருத்தனுக்கும் பொறுமையா பதில் போட்டேன். அப்படிச் சொல்லாதீங்க ஐயா, சின்னப் பொண்ணுன்னு. தவளையோட தாத்தா வந்துட்டார்டான்னு ஒரே கும்மாளம். பரவால்ல, சிரிங்க. உங்களுக்கே வருதுல்ல.

அப்புறம்தான் பார்சல் வர ஆரம்பிச்சுது. அவ பேர்லயே. பிரிச்சா பிளாஸ்டிக் தவளை. ஒருநாள் ரெண்டு பேர் வாசல்ல வந்து நின்னு, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தவளை மாதிரி கத்தறாங்க. புள்ள கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் ஒடுங்கிக்கிச்சு. பாடறதை விடுங்க, இப்ப தண்ணி வேணும்னாக்கூட கையைத்தான் காட்டுது.

மருமக புள்ளகிட்ட சொல்றா, விலாசத்தை நீதான் எவனுக்கோ குடுத்திருக்கேன்னு. அவ போனையும் பிடுங்கி வெச்சாச்சு. சத்தியமா இல்லம்மான்னு அழுதா. மகன் நம்பல. நான் பக்கத்துலதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

நானா? பார்சல் ஆபீஸ்ல இருந்தேன். படிப்பு கம்மி. ஆனா விலாசத்துல தப்பு இருந்தா கை சும்மா இருக்காது. சிவப்பு மையில திருத்தி அனுப்பினாத்தான் சோறு இறங்கும்.

பத்து போச்சா? நல்லது. நில்லுங்க, அந்தக் கடைசியைத் தொடாதீங்க. பதினொண்ணையும் அழிச்சுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்.

மேல ஒருத்தன் கேட்டிருக்கான் பாருங்க. குழந்தைக்குப் பரிசு அனுப்பணும், தண்ணி டேங்க் தெரு, பச்சை கேட் வீடுதானேன்னு. கீழ நான் எழுதியிருக்கேன். பச்சை இல்ல ஐயா, நீல கேட், ரெண்டாவது மாடி, அவ பேரோட அப்பா பேரையும் சேர்த்து எழுதினா தவறாம வந்துரும்னு.

அதை முதல்ல பெரிசா ஒரு படம் எடுத்துக் குடுங்கம்மா. சாயந்திரம் மகன் வந்ததும் காட்டணும். அப்புறம் அழிச்சிடலாம்.

ஆமா, பத்துதான் போச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு.