நாட்டுக்கோழிச் சாறு

பஸ் ராசிபுரம் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த அம்மாள் திடீரென்று, "கருவைக் கலைக்கறவளையெல்லாம் புடிச்சு ஜெயில்ல போடோணும்" என்றார். அப்போது கருக்கலைப்பைச் சட்டம் அனுமதித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது.

"உங்க கொழுந்தனார் பொண்டாட்டியவா சொல்றீங்கக்கா?" என்றாள் கூட வந்த இளம்பெண்.

"அவளையேதான். டவுன் ஆஸ்பத்திரியில கலைச்சுட்டு வந்து கட்டில்ல படுத்திருக்கறா."

"இப்ப சட்டமே சம்மதிச்சுப்போட்டதுங்களே."

"சட்டம் சொன்னா பாவம் போயிருமா?"

"போன பேறுகாலத்துலயே அந்தப் புள்ள பொழச்சது பெருசுன்னீங்க. மறுபடி பெத்துச் சாகோணுங்களா?"

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க மாமியா அவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு ஊட்டி உடறா."

"நல்லதுதானுங்களே."

"எனக்கும் அதே மாமியாதான். அன்னைக்கு மருத்துவச்சியக் கூட்டியாந்து எனக்குக் கலைக்க வெச்சதும் அவதான். அப்ப இந்தச் சட்டம் இல்லை. படுத்தா ஊருக்குச் சந்தேகம் வரும், போலீஸ் புடிச்சுட்டுப் போயிரும்னு, மறுநாளே என்னையக் கடலைக்காட்டுக்குக் களைவெட்டத் தொரத்தி உட்டா."

இளம்பெண் அவர் கையைப் பிடித்தாள்.

"இப்ப அவளுக்குக் கோழியறுத்துச் சாறு வெக்கறதும் நான்தான்" என்றார்.