இல்லை என்று சொல்லாத கடை

மத்தியானம் இரண்டரை மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். நீளமான கடைத்தெரு... ஈ காக்கை இல்லை. எல்லாக் கடையிலும் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது.

என்ன சிரிப்பு? பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று உங்களிடம் யார் சொன்னது? அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். காற்றில் அணைந்தால் நான் பொறுப்பில்லை. பயந்தாங்கொள்ளிகள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம்... யாரும் எழுந்திருக்கவில்லை. சரி, கேளுங்கள்.

இது என் நண்பனுடைய சித்தப்பா மகளுக்கு நடந்தது. அந்த நண்பன் வாயைத் திறந்தாலே புளுகுகிறவன்தான். ஆனால் இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. குடிக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

சித்தப்பாவுக்கு இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், கயிறு, பூட்டு. முன்னால் கடை, பின்னால் ஓர் அறை. அந்த அறைக்குக் கடை வழியாக மட்டும்தான் வாசல். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் அங்கே போய்க் கட்டிலில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார். ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு மகள் கல்லாவில் உட்காருவாள். ஒரே மகள். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவள்.

அப்பா கிழித்த முதல் கோடு இது: "கடைக்கு வந்தவங்ககிட்ட 'இல்லை'ங்கிற வார்த்தை நம்ம வாயில வரக்கூடாது. சரக்கு இல்லேன்னா 'வந்துடும்'னு சொல்லு. இல்லைன்னு சொன்ன கடைக்கு ரெண்டாம் தரம் யாரும் வரமாட்டாங்க."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டில் அம்மா "உப்பு இருக்காடி?" என்று கேட்டால்கூட "வந்துடும்மா" என்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் தச்சர் வந்தார். பழைய மாதிரிப் பித்தளைக் கீல் வேண்டும். அதெல்லாம் இப்போது யாரும் செய்வதே இல்லை. அவள் வழக்கம்போல, "வந்துடும்ணே, நாளைக்கு வாங்க" என்றாள். மறுநாள் கடையைத் திறந்தால்... கல்லா மேல் கீல். அதன் திருகாணிகளில் மரச் சிராய் ஒட்டியிருந்தது. அப்பா வாங்கி வைத்தார் என்று இவள் நினைத்தாள். மகள் வாங்கி வைத்தாள் என்று அவர் நினைத்தார். தச்சருக்குச் சந்தோஷம்.

அடுத்து ஒரு கிழவர், அரிக்கேன் விளக்குக்குக் கண்ணாடி கேட்டார். "வந்துடும் தாத்தா." மறுநாள் அதே இடத்தில் கண்ணாடி. எடுக்கப் போனவள் வெடுக்கென்று கையை உதறினாள். சுட்டது. உள்ளே புதுக் கரி. எங்கேயோ எரிந்துகொண்டிருந்த விளக்கிலிருந்து அந்த நிமிஷம் கழற்றியது மாதிரி.

அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது... தான் சொல்வதால் வருகிறது என்று. கருநாக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கெட்டது சொன்னால் பலிக்கும். இது வேறே. பயத்தோடு அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைக்கு நல்லதுதானே என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஓர் அக்கா வந்தாள்.

அவள் புருஷன் இந்தக் கடையில் சுமை தூக்கியவன். ஆள் பனைமரம் மாதிரி, அதனால் தெருவே அவனைக் 'குட்டை' என்றுதான் கூப்பிடும். மழைக்காலத்தில் ஒரு நாள், ஆற்றில் வெள்ளம் போகும்போது, அக்கரைக்குச் சிமெண்ட் கொண்டு போகச் சொல்லி அனுப்பியவர் சித்தப்பா. அவன் தயங்கினான். "ஒண்ணும் ஆகாதுடா, போயிட்டு வா" என்றார். பாலத்தோடு போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அக்கா தெருவில் வந்தால் சித்தப்பா உள்ளே போய்விடுவார்.

அவள் ஒரு பூட்டைக் கல்லா மேல் வைத்தாள். "பெட்டிப் பூட்டும்மா. சாவி அவர் இடுப்புலயே போயிடுச்சு. இதுக்குச் சாவி கிடைக்குமா?"

யோசித்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். ஆனால் வருஷக்கணக்கில் பழகிய வாய். "வந்துடும்க்கா."

மறுநாள் காலையில் கல்லா மேல் சாவி இல்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

மத்தியானம். முதலில் வாடை வந்தது... ஆற்றுச் சேற்று வாடை. அந்த வெயிலில். பிறகு தெருவில் சத்தம். சதக்... சதக்... ஈரக் காலை ஊன்றி ஊன்றி எடுக்கிற சத்தம். கடைக்கு நேரே வந்து நின்றது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள். நாள் கணக்கில் ஊறி வெளுத்த கால்கள். இடது கட்டைவிரலில் நகம் இல்லை. இதே கடையில் இரும்புக் கம்பி விழுந்து போன நகம் அது. இவள்தான் அன்றைக்குத் துணி கட்டிவிட்டாள்.

ஒரு கை கீழே இறங்கியது. தரையில் சாவியை வைத்தது. சாவியைச் சுற்றித் தண்ணீர் பரவியது.

போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை.

"முதலாளி இருக்காரா?"

மரியாதையாகத்தான் கேட்டது. உள்ளே அப்பா குறட்டை விட்டுத் தூங்குகிறார். இருக்கார் என்றால் அது உள்ளே போகும். பேசாமல் இருந்து பார்த்தாள். ஷட்டர் விளிம்பில் விரல்கள் வந்தன... நாலு விரல்... ஷட்டர் கிரீச்சென்று ஒரு சாண் மேலே ஏறியது.

"முதலாளி இருக்காரா?"

அப்பாவைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கடையில் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"இல்லை. அப்பா இல்லை."

கால்கள் கொஞ்சம் நின்றன. திரும்பின. சதக்... சதக்... தூரத்தில் தேய்ந்துபோனது.

அவள் அழுதாள், சிரித்தாள், அப்பாவை எழுப்ப உள்ளே ஓடினாள்.

கட்டில் காலி. விரிப்பில் சூடுகூட ஆறவில்லை. கட்டிலுக்கடியில் செருப்பு. தலையணைப் பக்கத்தில் மடித்து வைத்த கண்ணாடி. ஜன்னல் கம்பி வைத்த இடத்தில் இருக்கிறது. அப்பா இல்லை.

தேடாத இடம் இல்லை. போலீஸ் வந்தது, போனது. சாவியை அந்த அக்கா வாங்கிக்கொண்டு போனாள். பூட்டு திறந்ததாம்.

இப்போது நீங்கள் நினைப்பதை அவளும் நினைத்தாள். 'வந்துடுவார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே? நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிவிடுவாள். கீல் ஏதோ ஒரு கதவிலிருந்து பிய்ந்து வந்தது. கண்ணாடி ஏதோ ஒரு விளக்கிலிருந்து வந்தது. சாவியை யார் கொண்டுவந்தது என்று பார்த்தாயிற்று. இல்லாமலே போனவர் எங்கிருந்து வருவார்? எப்படி வருவார்?

ஆனால் அம்மா விடவில்லை. விளக்கு வைத்ததும் தினமும் கேட்பாள்: "அப்பா வந்துடுவாராடி?" இவள் வாயைத் திறக்கமாட்டாள். பெற்ற தாய்க்கு ஓர் ஆறுதல் சொல்லாத கல்நெஞ்சுக்காரி என்று சொந்தமெல்லாம் ஏசியது. என் நண்பனும் ஏசினான். கடைசியில் அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எலும்பும் தோலுமாகப் படுத்துக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தை சொல்லுடி. அது போதும் எனக்கு" என்றாள்.

சொன்ன பேச்சைத் தட்டாத பெண் இல்லையா. சொல்லிவிட்டாள்.

மறுநாள் என் நண்பனுக்கு போன் வந்தது. குசுகுசுவென்று பேசினாள்.

"அண்ணா... அப்பா வந்துட்டார்."

இவன் குதித்தான். "எங்கடி இருந்தாராம் இத்தனை நாளா?"

"தெரியலண்ணா. காலையில எழுந்து பார்த்தா கடைக் கட்டில்ல உக்காந்திருக்கார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல. பக்கத்துலயே இருக்கா. துணி மாத்திவிடுறா, மாத்திவிடுறா... ஈரம் காயவே மாட்டேங்குது."

"பேசுறாரா?"

குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"பேசுறார். அப்பா குரல்தான். ஆனா காலையிலேர்ந்து ஒரே கேள்விதாண்ணா... என்னையே பார்த்து, 'முதலாளி இருக்காரா, முதலாளி இருக்காரா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்... நான் என்னண்ணா சொல்லட்டும்?"