மூன்றாவது வேலிக்கதவு

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு இறைச்சி வாட்டப் போனால், அடுப்பை எங்கே வைப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். படகோனியாவின் காற்றுக்கு நான் காட்டும் இடத்தில் புகை யார் கண்ணையும் கரிக்காது. இடம் பார்ப்பதில் எனக்குக் கைராசி உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. அலுவலகத்திலும் அதே வேலைதான். அணுக் கழிவைப் புதைக்க இடம் பார்ப்பது.

ஒன்பது வருடம், பதினான்கு இடங்கள். எட்டில் பாறை சரியில்லை. ஐந்தில் பாறை சரி, மக்கள் சரியில்லை. ஒரு ஊரில் விளக்கு வைத்த கால்பந்துத் திடல் கேட்டார்கள். கட்டிக் கொடுத்தோம். திறப்பு விழா ஆட்டத்தை முடித்துவிட்டு, அதே திடலில் கூடி எங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள்.

பதினான்காவது இடம் கருங்கல் மேடு. சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு ஒரே ஒரு வீடு. அதில் எதெல்மீரா கூரிகேயோ, எழுபத்தொரு வயது, நூற்று முப்பது ஆடுகள், ஒரு வெள்ளை நாய், ஒரு ஊற்று.

பாறையைச் சோதிக்கப் போட்ட ஆழ்துளையில் பச்சைச் சாயம் ஊற்றினேன். பாறை திடமென்றால் அது நூறு வருடமானாலும் வெளியே வரக்கூடாது. பன்னிரண்டாம் நாள் எதெல்மீரா அம்மா ஊற்றுத் தண்ணீர் பிடித்த ஒரு பாட்டிலோடு வந்தார்.

"என்ன இன்ஜினியரே, மாத்தே டீ பச்சையா இருந்தா அது நியாயம். சோறு எதுக்குப் பச்சையா இருக்கு? என் நாயைப் பாருங்க, கிளி மாதிரி திரியுது."

நாய் உண்மையிலேயே கிளி நிறத்தில் இருந்தது.

"இந்தப் பாட்டிலை வியாழக்கிழமை ஒப்புதல் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வைக்கப் போறேன்" என்றார்.

ஒன்பது வருடம் ஒரு பாட்டிலுக்குள் நின்றது. என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

"குதிரையில எதுக்கும்மா, பனி வருது. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"உங்க வண்டியில வந்துட்டு உங்களையே திட்டறது நல்லாவா இருக்கும்?"

"போற வழியிலேயே திட்டி முடிச்சிடுங்க."

சிரித்தார். வியாழக்கிழமை வழியெல்லாம் திட்டவும் செய்தார். நன்றாகவே திட்டினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலிக்கதவு வந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் இறங்கித் திறப்பார், வண்டி கடந்ததும் கொக்கி மாட்டிவிட்டு ஏறிக்கொள்வார். ஓட்டுபவர் காத்திருப்பார். முதல் கதவில் காத்திருந்தேன். இரண்டாவதிலும் காத்திருந்தேன். மூன்றாவதில் பனி கனத்துவிட்டது. அங்கிருந்து அவர் வீடு இருபத்திரண்டு கிலோமீட்டர். வண்டியைக் கடத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். காற்றோடு மல்லுக்கட்டிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கம்பளிப் போர்வையும் பாட்டிலும் இருக்கையில் இருந்தன. வண்டிக்குள் கதகதப்பாக இருந்தது.

நான் நிற்கவில்லை.

கூட்டத்தில் ஆட்சேபணை உண்டா என்று மூன்று முறை கேட்டார்கள். இப்படி அமைதியான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஒருமனதாக நிறைவேறியது. நான்கு நாள் கழித்து அவரைக் கண்டெடுத்தபோது அந்த வேலிக்கதவின் கொக்கி ஒழுங்காக மாட்டியிருந்ததாம். பொறுப்பான மனுஷி. அப்படி ஒருவர் எங்கள் குழுவில் இருந்திருக்கலாம்.

பாட்டிலை எறிந்திருக்கலாமே என்று உங்கள் ஆள் கேட்டார். மாதிரியைத் தூக்கி எறிய நான் படித்த படிப்பு விடவில்லை. இடம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதி ஒட்டி இருக்கைக்கு அடியில் வைத்தேன். எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினேன். அடுத்தவர் உழைப்பில் என் பெயரைப் போடும் பழக்கம் எனக்கில்லை.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இடத்தை மட்டும் ரத்து செய்ய வேண்டாம். அது பாதுகாப்பானது. அந்த ஊற்றிலிருந்து குடிக்க இப்போது யாருமே இல்லை.