குலுக்கலில் விழுந்த பேர்

திருமலைராயன்பட்டினம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவும் அவர் தெருக்காரப் பெண்ணும்.

"சர்க்கரை வியாதி ஆராய்ச்சின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் ரத்தம் எடுப்பாங்களாம். அது யாருன்னு கம்ப்யூட்டர்ல குலுக்கல் போட்டுச்சு. எம் பேருதான் விழுந்துச்சு."

"உங்க வீட்டுல நீங்க மட்டுந்தானேக்கா இருக்கீங்க?"

"ஆமா. குலுக்காம எடுத்தா கணக்கு தப்பாயிடுமாம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பிரான்ஸுல இருக்குற மகன் பேரையும் சேத்துக்கம்மான்னேன். இங்க தங்கியிருக்கவங்க பேரை மட்டுந்தான் போடணும்னுடுச்சு."

"அவரு பேரு எதுக்குக்கா?"

"விழுந்திருந்தா, ரத்தம் குடுக்கவாவது வந்துட்டுப் போவான்ல."