முப்பத்தோராம் கலவை

தண்ணீருக்கு நன்றி. கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ ஒட்டியிருக்கிறது. பரவாயில்லை, அப்புறம் குடித்துக்கொள்கிறேன்.

என் பெயர் ஹார்லன் வீடன். இந்த ராச்செஸ்டரில்தான் இருபத்திரண்டு வருடமாக ஒளிரும் பொடி செய்கிறேன். பார்க்க வெள்ளை மாவு போல இருக்கும். எக்ஸ்ரே பட்டால் பச்சையாக ஒளிரும். அதைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசிக் கருவியில் பொருத்தித்தான் விஞ்ஞானிகள் புரதங்களின் வடிவத்தைப் படம் பிடிக்கிறார்கள். பொடி எவ்வளவு பிரகாசமோ, படம் அவ்வளவு துல்லியம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரும்பு கலந்தால்கூட ஒளி மங்கிவிடும். எங்கள் தொழிலில் பாதி, கழுவுவதுதான்.

கஸ் மாரினெல்லி நான்கு வருடத்துக்கு முன் என் குழுவில் சேர்ந்தான். தங்கமான மனிதன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவன் சாப்பிடுவதை நீங்கள் பார்த்ததில்லை. நம் ஊர்க் கடைகளில் 'குப்பைத் தட்டு' என்றே பெயர் வைத்து விற்கும் சாப்பாட்டை வாங்கி வந்து, உருளைக்கிழங்கு, மக்ரோனி, கொத்துக்கறி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தின்பான். மோவாயில் கொழுப்பு வழியும். வருடம் முழுக்கச் சளி. மூக்கைச் சட்டைக்கையில் துடைப்பான். விரலை நக்கித்தான் குறிப்பேட்டைப் புரட்டுவான். அந்தப் பக்கங்களை நான் இடுக்கியால் திருப்புவேன்.

"பாஸ், நீங்க சோப்புக்கே சோப்பு போடுற ஆளு," என்று சிரிப்பான். ஒளியளக்கும் டோரீனும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு பல்கலைக்கழகம் எங்களிடம் ஒன்றரை மடங்கு பிரகாசம் கேட்டிருந்தது. இரண்டு வருடம் முயன்றேன். நூற்றுக்கு எட்டுதான் கூடியது. போன அக்டோபரில் டோரீன் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஹார்லன், மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு மூணு தடவ பாத்துட்டேன். கஸ்ஸோட முப்பத்தொண்ணாவது கலவை, நம்மளோடத விட ஒன்றரை மடங்கு."

புதுப் பாத்திரம், புதுக் கையுறை என்று கொடுத்து மறுபடி செய்யச் சொன்னேன். நானே பக்கத்தில் நின்றேன். அதே ஒளி. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல பாஸ். சூளைய அணைச்சதும் வெளிய எடுக்காம ரெண்டு நாள் அப்படியே ஆற விட்டேன். பொடி மணிமணியா நல்லா வளருது. உங்க பேர முதல்ல போட்டுருவோம். நீங்க கத்துக்குடுத்ததுதானே எல்லாம்?"

கையை நீட்டினான். நகக்கண்ணில் மயோனைஸ் காய்ந்திருந்தது. குலுக்கினேன். பிறகு நான்கு முறை கழுவினேன். வாசனை போகவில்லை.

அடுத்த வாரம் எங்கள் இயக்குநர் மிஸஸ் கெஸ்லர் கூப்பிட்டார். "இனிமே குழுவ கஸ் பாத்துக்கட்டும், ஹார்லன். நீங்க கூட இருந்து உதவுங்க." நியாயம்தான் என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

பொடியைச் சுடும்போது சூளைக்குள் ஒரு வாயுவைச் செலுத்துவோம். அழுகிய முட்டை நாற்றம், விஷம். சூளை அறைக்குக் காற்றாடியும் எச்சரிக்கை மணியும் அதனால்தான். அந்த வாயுவிடம் ஒரு குணம் உண்டு: அளவு கூடினால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நிம்மதியாக இருப்பான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு கஸ் உள்ளே போனான். டோரீன் கிடங்குக்குப் போயிருந்தாள். மணியை நான் முன்பே நிறுத்தியிருந்தேன், காற்றாடியையும். குழாய் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதை வாயு செய்தது.

கதவில் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. அதன் வழியே பார்த்தேன். இரண்டு முறை தும்மினான். தலையைப் பிடித்துக்கொண்டான். கதவருகே வந்து, "பாஸ், தொறங்க, தல சுத்துது," என்றான். வெளியே நிற்பது நான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் திறந்துவிடுவேன் என்று நம்பிய முகம். உள்ளங்கையைக் கண்ணாடியில் ஊன்றினான். அப்படியே சரிந்தான். கண்ணாடியில் நீளமாக எண்ணெய்த் தடம், நடுவில் சளி.

ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன் காற்றாடியைப் போட்டு, முகமூடி மாட்டி, உள்ளே போய் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டு துணி ஆயிற்று. கீழே அவன் இன்னும் இமைத்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் கறை விட்டுப் போயிருந்ததால் மூன்றாவது துணியும் எடுத்தேன்.

பொறாமையா என்று கேட்டீர்கள். தயவுசெய்து அந்த வார்த்தையை எழுதாதீர்கள். அவன் மனைவி ரோசான் இறுதிச் சடங்கில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். பொறாமைக்காரன் அதைச் செய்வானா? அவள் கண்ணீர் பட்ட என் மேல்கோட்டைப் பிறகு எரிக்க வேண்டியதாயிற்று, அது வேறு விஷயம்.

கடைசியாக ஒன்று. உங்கள் போலீஸ் அறிக்கையில் 'கதவு இறுகிக்கொண்டது' என்று போட்டிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அது நல்ல கதவு, இறுகவே இறுகாது. நான்தான் வெளியிலிருந்து கதவில் சாய்ந்து நின்றேன். தோளால். கைப்பிடியை அவன் தொட்டிருந்தானே, அதை எப்படிப் பிடிப்பது?